கைக்கு எட்டிய இலை

பழ ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு 'மேதை' என்று பெயர். முகத்துக்கு நேரே மரியாதையாகவும் முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டும் சொல்வார்கள். முள் சட்டையைக் கீறிவிடும் என்று, ஆரஞ்சு ரகங்களை ஜன்னல் வழியாகவே மேம்படுத்துகிறவர் அவர்.

இலையின் மரபணுவைக் கணினியில் அலசி, காய்ப்பதற்கு முன்பே பழம் இனிக்குமா புளிக்குமா என்று கணிப்பது அவருக்குக் கீழே இருந்த இளம்பெண்ணின் வேலை. அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். புளிக்கும் என்று கணினி சொன்ன மரங்களை வெட்டிவிடுவது அங்கே வழக்கம்.

மேற்பார்வைக் குழு வரப்போகிறது என்றதும் மேதை தானே கையுறை மாட்டி இலை பறித்தார். புகைப்படமும் எடுக்க வைத்தார். முடிவு வந்தது: புதுக் கலப்பு ரக மரங்களின் வரிசை முழுக்கப் புளிப்பு.

"மரம் வெட்டுறவங்க நாளைக்கு வராங்க," என்றார்.

"சார், எல்லா மரத்தோட மரபணுவும் அச்சு அசல் ஒண்ணா இருக்கு. வேற வேற கலப்பு எப்படி சார் ஒண்ணா வரும்?"

"எல்லாமே ஒரே மாதிரி உதவாக்கரைன்னு அர்த்தம்மா. இதுகூடப் புரியலையா?"

"இலையை எங்க பறிச்சீங்க?"

"மரத்துலதான். பின்ன, மார்க்கெட்லயா?"

அவள் தோட்டத்துக்குப் போனாள். ஒவ்வொரு மரத்திலும் ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் முளைத்த தளிர்கள் மொட்டையாகக் கிடந்தன. கலப்பு ரகம் ஒட்டுக்கு மேலேதான். கீழே இருப்பது எல்லா மரத்துக்கும் ஒரே காட்டுப் புளிப்பு அடிச்செடி. இலையின் வடிவமே வேறு. ஏணி ஏறச் சோம்பல்பட்டு, கைக்கு எட்டியதைப் பறித்திருக்கிறார் மகானுபாவர். இவ்வளவு படிப்பும் இதற்குத்தானா? அவளும்தான் இத்தனை நாள் மரத்தின் எண்ணைப் பார்த்தாளே தவிர மரத்தைப் பார்த்தாளா?

திரும்பி வந்து சொன்னாள். மேதை காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"வரவேற்பறைல மாட்டின போட்டோல நீங்க முட்டி போட்டுப் பறிக்கறது நல்லா தெரியுது சார். குழுவுல யாருக்காவது மரம் தெரிஞ்சிருந்தா?"

அவர் முகம் வெளிறியது. "வெட்டுறவங்களை அப்புறம் வரச் சொல்லு. அந்தப் போட்டோவைக் கழட்டு."

ஏணியில் ஏறி அவளே புது இலை பறித்தாள். மறுபடி அலசியதில் மூன்று மரங்கள் தேனாக இனிக்கும் என்று வந்தது. வரிசை பிழைத்தது.

குழுவின் முன் மேதை தொண்டையைச் செருமினார். "இலையை ஒட்டுக்கு மேலதான் பறிக்கணும். பல வருஷ ஆராய்ச்சில நான் கண்டுபிடிச்ச உண்மை இது."

அறை முழுக்கக் கைதட்டல். அது ஓய்ந்தபோது அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். அவையும் சிவந்திருந்தன.