ரங்கசாமி ஏன் வேட்டி கட்டுவதில்லை?

போன மாதம் ஒரு காலை. கொமரலிங்கத்திலிருந்து சரஸ்வதி போன் செய்தார். என் நண்பர் ரங்கசாமியின் தங்கை. குரலே சரியில்லை.

"ஏனுங்ண்ணா, எம் புள்ளை கல்யாணத்துக்கு அண்ணன் வரமாட்டேங்கறாங்க. ஷிப்மென்ட் இருக்குதாமா. தாய்மாமன் இல்லாம எப்படீங்க? நாங்க ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டமா?"

திருப்பூரில் 'ஷிப்மென்ட்' என்று சொல்லிவிட்டால் எமன்கூட, "சரிங்க, அடுத்த வாரம் வர்றேன்" என்று திரும்பிப் போய்விடுவான். ஆனால் ரங்கசாமி நடத்துவது சின்ன காஜா பட்டன் யூனிட். டி-ஷர்ட்டுக்குப் பொத்தான் துளை போட்டு, பொத்தான் தைத்துக் கொடுக்கும் வேலை. தங்கை மகள் கல்யாணத்தைவிட அப்படி என்ன பெரிய பொத்தான்?

நேரில் போனேன். மனிதர் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். கையைத் தொட்டால் அனல். டீ வந்தது... வேண்டாம் என்றார். தண்ணீரும் வேண்டாமாம். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. எந்நேரமும் வெள்ளை வேட்டியில் திரிந்தவர், கொஞ்ச காலமாகக் கறுப்பு பேன்ட்டைத் தவிர வேறெதுவும் போடுவதில்லை. 'வயசு திரும்புதாக்கும்' என்று நான்கூடக் கிண்டல் செய்திருக்கிறேன்.

ஆபீஸ் ரூம் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"வேட்டி கட்ட முடியறதில்லப்பா. நனைஞ்சு போயிருது. எனக்கே தெரியறதில்ல. மேடையில அத்தனை பேரு முன்னாடி... நெனச்சாலே உசுரு போகுது."

அதனால்தான் தண்ணீரைக் குறைத்திருக்கிறார். பஸ் பயணம் கட். பழனி கட். இப்போது தங்கையும் கட்!

அவர் மனைவி கலாமணியையும் அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம்.

"யூரின் எப்படிப் போகுதுங்க?" என்றார் டாக்டர்.

ரங்கசாமி சீலிங் ஃபேனைப் பார்த்தார். "நார்மலுங்க."

இடுப்பில் ஒரு குத்து விட்டேன். எல்லாம் வெளியே வந்தது — வார்த்தைகளைச் சொல்கிறேன்.

பாத்ரூம் போய்வரச் சொல்லி ஸ்கேன் எடுத்தார்கள். போய்வந்த பிறகும் சிறுநீர்ப்பை பாதி நிறைந்தே இருந்தது.

"ரொம்ப வருஷமா சுகரைக் கவனிக்காம விட்டுட்டீங்க. பை நெறைஞ்சதைச் சொல்ற நரம்பு மந்தமாயிருச்சு. முழுசா காலியாகாததால வழியுது. தேங்கறதுல கிருமி சேர்ந்துதான் இந்தக் காய்ச்சல். தண்ணியக் குறைச்சது இன்னும் மோசம். இப்படியே விட்டா கிட்னி வரைக்கும் போயிரும்."

கிருமிக்கு மாத்திரை. சுகர் கட்டுக்குள் வரவேண்டும். வருகிற உணர்வு இருக்கிறதோ இல்லையோ, நேரம் வைத்து பாத்ரூம் போக வேண்டும்.

கலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கொஞ்ச நாளா அடுத்த ரூம்ல போய்ப் படுத்துக்கறாங்க. என்ர மேல ஏதோ கோவம்னு நெனச்சுட்டேனுங்க."

"உம்மேல எனக்கென்ன கோவம் கண்ணு?" என்றார் ரங்கசாமி. அவர் மனைவியைக் 'கண்ணு' என்று கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன்.

நம் ஆட்களைப் பாருங்கள். வாக்கிங்கில் சுகர் அளவை கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஒப்பிப்போம். ஃபாஸ்டிங் இவ்வளவு, சாப்பிட்ட பிறகு இவ்வளவு... அதில் ஒரு பெருமைகூட! ஆனால் தொப்புளுக்குக் கீழே? மூச்! தங்கை அழுதாலும், மனைவி தவித்தாலும் வாய் திறக்க மாட்டோம்.

கல்யாணத்துக்கு ரங்கசாமி வந்தார். காய்ச்சல் போயிருந்தது. மற்றது முழுக்கச் சரியாகவில்லை, சமாளிக்கும்படி ஆகியிருந்தது. பட்டுக்கரை வேட்டி. உள்ளே பெரியவர்களுக்கான டயப்பர் — அவரே காதில் சொன்னார். சரஸ்வதி அண்ணனைப் பார்த்ததும் வாசலிலேயே அழுதுவிட்டார்.

தாய்மாமன் சீர் முடிந்தது. அடுத்த சடங்கு தொடங்கும்போது எழுந்தார்.

"ஒரு நிமிஷமுங்க சாமி, பாத்ரூம் போய்ட்டு வந்தர்றேன்."

ஐயரின் மைக் ஆனில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. யாராவது சிரித்துவிட்டால்?

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் அப்பா மெதுவாக எழுந்து ரங்கசாமியின் பின்னால் நடந்தார். அடுத்து அவருடைய அண்ணன். அப்புறம் ஊத்துக்குளிக்காரர் ஒருவர். வெள்ளை வேட்டிகளாக ஒரு வரிசையே பாத்ரூம் பக்கம் நகர்ந்தது.

வரிசையில் நானும் நின்றேன். சும்மா... கம்பெனி கொடுக்கத்தான்!