கைதட்டல் வாங்கிய தப்பு

ஹோட்டல் துணிகளை வெளுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் இஸ்திரி அக்காவைத் தெரியாதவர் கிடையாது. வாய் கொஞ்சம் நீளம், ஆனால் வெள்ளை மனசு. பழைய மேனேஜர் காலத்தில் ஒரு காலர் கருகினால் போதும், மனுஷன் தாம்தூம் என்று குதிப்பார். அதனால் கருகியதை மூட்டைக்கு அடியில் தள்ளிவிட்டு, எல்லோரும் ஒன்றும் தெரியாத பூனைகளாக நிற்பார்கள்.

புது மேனேஜர் வந்ததும் எல்லாம் தலைகீழ். திங்கட்கிழமை காலையில் மெஷின்களை நிறுத்தி, நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார். அவரவர் செய்த தப்பை அவரவரே சொல்ல வேண்டும். சொன்னவருக்கு மற்றவர்கள் கைதட்ட வேண்டும். தண்டனை என்ற பேச்சே கிடையாது. முதல் வாரம் ஆளாளுக்குக் கூரையைப் பார்த்தார்கள். இஸ்திரி அக்காதான் எழுந்து, ஒரு கோட்டின் கையைத் தீய்த்ததைச் சொன்னாள். மேனேஜரே முதலில் கைதட்டினார். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். வேலையும் சுளுவானது. அதை இல்லை என்று சொல்ல முடியாது.

அங்கேயே வேலை பார்த்த அவளுடைய நாத்தனார் மட்டும் அசையவில்லை. புருஷனை இழந்து, பெண் குழந்தையோடு அண்ணன் வீட்டில் இருப்பவள். யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்க அந்த வேலைதான் அவளுக்குத் துணை. வெள்ளை விரிப்புகளோடு சிவப்புத் துண்டைப் போட்டு, மொத்தத்தையும் ரோஜா நிறமாக்கிய புண்ணியவதி அவள்தான். அது அண்ணிக்கு மட்டுமே தெரியும். அண்ணி விடவில்லை. சமைக்கும்போதும் அதே பேச்சு, படுக்கும்போதும் அதே பேச்சு.

"நான் இருக்கேன்ல, தைரியமா சொல்லு."

நாத்தனார் சொன்னாள். கைதட்டலில் கூடமே அதிர்ந்தது.

அடுத்த மாதம் ஆள் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. முதலில் போனது நாத்தனார். அக்கா மேனேஜர் அறைக்கு ஓடினாள்.

"யாரையாவது அனுப்பித்தானே ஆகணும்? தப்பை அவங்களே ஒத்துக்கிட்டாங்க" என்றார் அவர். "நீங்க பயப்படாதீங்க. எல்லாரையும் பேச வைக்கிறதே நீங்கதான். உங்கள அனுப்பமாட்டேன்."

நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டானே என்று அக்காவுக்கு வயிறு எரிந்தது. அறுக்கத் தன் கையையே பிடித்துக்கொண்டானே என்று அதைவிட எரிந்தது. வீட்டில் நாத்தனார் அழவில்லை, சண்டையும் போடவில்லை. அண்ணி என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

திங்கட்கிழமை வட்டம் கூடியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேனேஜர் சிரித்தபடி அக்காவைப் பார்த்தார். அவள் எழுந்தாள்.

"நானும் ஒரு தப்பு பண்ணிட்டேன் சார். உங்கள நம்பச் சொல்லி அவகிட்ட நான்தான் சொன்னேன்."

பழக்கதோஷத்தில் மேனேஜர் கைதட்டக் கையைத் தூக்கினார். வேறு யாரும் தூக்கவில்லை.