பதினேழாம் நம்பர் கதவு

சித்திரபுரத்தில் நான் உள் அலங்காரம் செய்யும் பங்களாவுக்கு, இடித்துப்போட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லய வீடுகளிலிருந்து பழைய கதவுகள் வந்து இறங்கின. ஈரமும் அடுப்புப் புகையும் கலந்த வாசனை. பதினேழாம் நம்பர், நாங்கள் குடியிருந்த வீட்டின் கதவு.

புகைபோக்கி இல்லாத அந்த ஒற்றை அறையில், மழைக்காலம் முழுக்க ஈர விறகு புகைய, பக்கத்து வீட்டு இருமல் கூரைக்கடியில் மிதந்து வர, கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்களால் அம்மா ஞாயிறுதோறும் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு கதவுத் தாழ்ப்பாளைச் சுற்றிப் படிந்த கரியைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். தோட்ட வேலையிலிருந்து நின்றால் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

“கம்பெனி வீடு புள்ள இது. கரியோட ஒப்படைச்சா நம்மளப் பத்தி என்ன நெனப்பாக?”

அவளால் வெளுக்க முடிந்தது உள்ளங்கையளவு இடம்தான். ஓய்வுபெற்றுச் சாவியைக் கொடுத்த அன்றும் அதை முந்தானையால் ஒருமுறை துடைத்தாள். பிறகு சாகும்வரை வாடகை அறைகள்தான்.

பங்களாக்காரம்மா கதவைச் சுற்றி வந்து பார்த்தார்.

“கரி படிஞ்சதுதான் அழகு. இந்த வெளுத்த இடம் மட்டும் ஒட்டல. அதையும் கறுப்பாக்கிடுங்க.”

ஆசாரியைக் கூப்பிடாமல் நானே சாயம் பூசினேன். ஒரே பூச்சில் மறைந்துவிட்டது.