ஆமினாம்மா வாயால் அழைத்தவர்கள்

“தமிழ்க் குடும்பங்களுக்கு வாசிப்பு, நிகழ்ச்சி இதிலெல்லாம் ஆர்வம் கிடையாது” என்று யாராவது என் முன்னால் சொன்னால் இப்போதெல்லாம் எனக்குக் காது சூடாகிவிடுகிறது. சொல்கிறவர் படித்தவராக இருந்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சூடாகும். ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, எங்கள் வீட்டில் முதல் பட்டம் வாங்கி, சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் என்ஜினியராக இருக்கிறேன். படிப்பின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. அதனால்தான் படித்தவர்கள் கண்ணைத் திறந்து பார்க்காமல் பேசும்போது பொறுக்க முடிவதில்லை.

ஆமினா பீவி பாசிர் ரிஸ்ஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் ஆறாவது மாடியில் இருக்கிறார். நான் மூன்றாவது மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதாகும் அவர் லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் பிளவுஸ் தைக்கும் கடை நடத்துகிறார். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே அந்தப் படிக்கட்டில் பெண்கள் துணிப்பையோடு நிற்பார்கள். கணவர் நெய்னா முகம்மது கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. பேசினால் எதிரே இருப்பவர் சிரிக்காமல் தப்ப முடியாது.

தையலைவிட ஆமினாம்மாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறொன்று. வட்டாரத்தில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும், காதுகுத்து என்றாலும், அழைக்கப் போகிறவர்கள் அவரையும் கூட்டிக்கொண்டு போவார்கள். இந்து வீடா, முஸ்லிம் வீடா, கிறிஸ்தவ வீடா என்ற பேச்சே கிடையாது. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அங்கே இருக்கிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பார். மாமியாரிடம் சொன்னால் மருமகளிடம் சொன்னதாகாது. மருமகள் குளித்துக்கொண்டிருந்தால் வெளியே வரும்வரை உட்கார்ந்திருப்பார். பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்புவது இப்போது எல்லோரும் செய்வதுதான். ஆனால் வாட்ஸ்அப்பில் மட்டும் வந்த கல்யாணத்துக்கு நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? “வாயால சொன்னாத்தான் அழைப்பு” என்பார் ஆமினாம்மா. இந்தத் தீவின் பாதித் தமிழ்க் கல்யாண மண்டபங்கள் இந்த ஒரு விதியால்தான் நிறைகின்றன.

எங்கள் புளோக்கிலிருந்து நடக்கிற தூரத்தில் அலையோர வாசிப்பகம் இருக்கிறது. ஒரு நலச்சங்கம் நடத்துவது. பள்ளி விடுமுறை வந்தால் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் என்று நிகழ்ச்சி அட்டவணை ஒட்டுவார்கள். ரோபோ செய்வது, கேக் சுடுவது, பலகை விளையாட்டு, சீன எழுத்தோவியம் எல்லாம் இருக்கும். எல்லாமே நல்ல விஷயங்கள்தான், குறை சொல்லவில்லை. தமிழுக்கு மட்டும் வருடத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்குக் கோலத்துக்கு வண்ணம் தீட்டுவது. ஜூன் அட்டவணையைப் பார்த்த ஆமினாம்மா நேராக உள்ளே போய் ஒருங்கிணைப்பாளர் தனசேகரனைப் பிடித்தார்.

“தமிழ்ல ஒண்ணும் காணோமே தம்பி?”

“டிமாண்ட் இல்ல லா ஆன்ட்டி. வச்சா யாரும் வர்றதில்ல.”

“வச்சுப் பாத்தியா?”

தனசேகரன் நல்ல மனிதர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சில் இந்த ஊர் ‘லா’ ஒட்டிக்கொண்டிருக்கும், நாற்பது வயதுக்குள். ஆமினாம்மாவின் பார்வையை அதிக நேரம் தாங்கவில்லை. ஒரு சனிக்கிழமை மாலையைக் கொடுத்தார். பிள்ளைகள் தமிழில் தாங்களே எழுதிய ஒரு பக்கத்தை வாசிக்க வேண்டும். பெற்றோர் அதற்குப் பதிலாகத் தங்களுக்குப் பிடித்த ஒரு பக்கத்தை வாசிக்க வேண்டும். அறை நிறைந்தால் ஜூலையிலிருந்து மாதாமாதம் நடக்கும். நிறையாவிட்டால் அந்தச் சனிக்கிழமை வேறு குழுவுக்குப் போய்விடும்.

“நிறைக்கிறது என் பொறுப்பு” என்றார் ஆமினாம்மா.

கடையை மூடிவிட்டு வந்ததும் கிளம்பிவிடுவார். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு டப்பாவில் கற்கண்டு. டப்பாவைத் தூக்கிக்கொண்டு நெய்னா மாமா பின்னால் வருவார். “மூணாவது மகளுக்குக் கல்யாணமான்னு கேக்குறாங்க. நமக்கு ரெண்டுதானேன்னு நானே விரல் விட்டுப் பாத்துக்கிட்டேன்” என்பார். நானும் சில நாட்கள் கூடப் போனேன்.

ஒரு வீட்டில் சுஜீந்திரன் என்பவர் கதவைத் திறந்தார். வங்கியில் கிளார்க். அவரிடமும் அவர் மனைவியிடமும் சொல்லி முடித்த ஆமினாம்மா எழுந்திருக்கவில்லை.

“யதீசன் எங்க?”

“ரூம்ல கேம் விளையாடுறான். நாங்க சொல்லிடுறோம் அக்கா.”

“நீங்க சொன்னா நீங்க அழைச்சதாப் போயிடும்.”

பதினைந்து வயதுப் பையன் காதில் மாட்டியதைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றான். ஆமினாம்மா அவனுக்கும் கற்கண்டை நீட்டினார். “யதீசன், சனிக்கிழமை சாயந்திரம் வாசிப்பகத்துல நிகழ்ச்சி. நீ அவசியம் வரணும். வந்து வாசிக்கணும்” என்று பெரிய மனிதரிடம் சொல்வதைப் போலச் சொன்னார்.

அவன் கற்கண்டைப் பார்த்தான். “என்னை யாரும் தனியா இன்வைட் பண்ணதே இல்ல ஆன்ட்டி. எப்பவும் ‘நீயும் கிளம்பு’ன்னு இழுத்துட்டுத்தான் போவாங்க.”

“வர்றியா?”

“வர்றேன்.”

முன்பதிவு செய்ய ஒரு க்யூஆர் கோடு இருந்தது. அதையும் ஆமினாம்மா வீடு வீடாகக் காட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் செய்யவில்லை. எதிர்வீட்டு சுதா சொன்னது இது: “அக்காவே வீடு தேடி வந்து கூப்பிட்டாச்சு. பேர் குடுத்துட்டு வர்றதுக்கு நாங்க என்ன வெளியாளா?” இவர்களுக்குப் படிவம் நிரப்பத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். வீட்டுவசதிக் கழக வீட்டுக்கு இணையத்தில் விண்ணப்பித்து வாங்கியவர்கள், பாஸ்போர்ட்டை வீட்டிலிருந்தபடியே புதுப்பிப்பவர்கள். ஒருவர் முகத்துக்கு நேராக ‘வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு, அதை ஓர் இயந்திரத்திடம் மறுபடியும் சொல்வது அவர்களுக்குச் சரியாகப் படவில்லை. எனக்கும் படவில்லை. நாற்காலி போடப் போகிறவனுக்கு என்ன பதிவு என்று இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை மாலை நாங்கள் மூவரும் போனால் நிகழ்ச்சி அறை பூட்டிக் கிடந்தது. கதவில் ஒரு தாள்: இன்றைய தமிழ் வாசிப்பு நிகழ்ச்சி ரத்து.

எங்களுக்குப் பின்னால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சுதா குடும்பம் வந்தது. பட்டுப்பாவாடை கட்டிய குட்டிகள் வந்தார்கள். சுஜீந்திரன் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். யதீசன் மடித்த தாளைக் கையில் வைத்திருந்தான். நடைபாதை அடைத்துக்கொண்டது. ஆமினாம்மா அந்தத் தாளைப் படித்தார். அவர் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. கூப்பிட்ட வீட்டு வாசலில், கூப்பிட்டவரின் கண்ணெதிரில், நாற்பது ஐம்பது பேர் நிற்கிறார்கள். இதைவிடப் பெரிய அவமானம் அவருக்குத் தெரிந்த உலகத்தில் கிடையாது.

தனசேகரன் உள்ளிருந்து வந்தார்.

“ஆன்ட்டி, ஃபேஸ்புக் பாத்துட்டு சிஸ்டம்ல நாலு பேர்தான் ரெஜிஸ்டர் பண்ணியிருந்தாங்க. ரூல்படி கேன்சல் பண்ணி, எல்லாருக்கும் இமெயில் அனுப்பிட்டோம்.”

“எல்லாருக்கும்னா?”

“அந்த நாலு பேருக்கு.”

“அந்த நாலு பேர் எங்க?”

“இமெயில் போயிருச்சுல்ல, அதனால வரல.”

நெய்னா மாமா மெதுவாகச் சொன்னார்: “அப்ப பேர் குடுத்தவன் வரல. வந்தவன் பேர் குடுக்கல. ரெண்டு பக்கமும் நியாயமாத்தான் இருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. ஆமினாம்மா குரலை உயர்த்தவும் இல்லை. “ரத்துன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி. போன் நம்பர் இருக்கு, கூப்பிடுற தூரத்துல வீடு இருக்கு.”

“உங்க பேர் லிஸ்ட்ல இல்ல ஆன்ட்டி.”

எனக்கு அப்போது வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் போதாது. நிகழ்ச்சியைக் கேட்டு வாங்கியவரின் பெயர் பட்டியலில் இல்லையாம். ‘ஆர்வம் இல்லை’ என்று எழுதி வைக்கிற ஆளுக்கு எதிரிலேயே ஆர்வம் மூச்சு முட்ட நிற்கிறது. அவர் கையிலிருக்கும் திரையைப் பார்த்துப் பேசுகிறார்.

“நம்ம புளோக் அடியில திறந்தவெளி இருக்கே, அங்க உக்காந்து நடத்திடலாம் அக்கா” என்றார் சுஜீந்திரன்.

“கூட்டிட்டு வந்து வெளியில உக்கார வைக்க மாட்டேன்” என்றார் ஆமினாம்மா. பிறகு வாசிப்பகத்தின் பெரிய கண்ணாடிக் கதவைப் பார்த்தார். “அது திறந்துதானே இருக்கு?”

“அது பொது ஆன்ட்டி. யாரு வேணாலும் போகலாம்.”

“வாசிக்கத்தானே கூப்பிட்டேன். எல்லாரும் உள்ள போய் வாசிங்க.”

போனார்கள். மேசைகள் நிறைந்தன, சோபாக்கள் நிறைந்தன, குட்டிகள் தரைவிரிப்பில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் அமைதியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு குழந்தை படப்புத்தகத்து யானையைப் பார்த்து மழலையில் கதை சொல்ல ஆரம்பித்தது. இன்னொன்று அது யானை இல்லை என்று சண்டைக்கு வந்தது. தேர்வுக்குப் படிக்க வந்திருந்த பிள்ளைகள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். தனசேகரன் இங்கும் அங்கும் நடந்தார். கடைசியில் சாவியை எடுத்துக்கொண்டு போய் அறையைத் திறந்தார்.

நாற்காலிகள் போதவில்லை. நான் சுவரோரம் நின்றேன். யதீசன் முதலில் வாசித்தான். காலையில் பள்ளிக்குப் போகும் பேருந்தில் தினமும் தூங்கிவிடுவதையும், தெரியாத ஓர் ஆள் அவன் இறங்குமிடம் வந்ததும் தோளைத் தட்டி எழுப்புவதையும் பற்றி ஒரு பக்கம். அந்த ஆளிடம் ஒரு நாளும் பேசியதில்லை என்று முடித்தான். சுஜீந்திரன் பதிலுக்கு வாசிக்கத் தாள் கொண்டுவந்திருந்தார். அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு, “நீ பஸ்ல தூங்குறியா?” என்று கேட்டார். அறை முழுக்கச் சிரித்தது.

முடிந்ததும் ஜூலையைப் பற்றிக் கேட்டோம். தனசேகரன் சங்கடப்பட்டார்.

“நிகழ்ச்சி கேன்சல்னு போட்டாச்சு. கேன்சல் ஆனதுக்கு அட்டெண்டன்ஸ் ஏத்த முடியாது லா. சிஸ்டத்தைப் பொறுத்தவரைக்கும் இன்னைக்கு யாரும் வரல. ஜூலைக்கு இன்னொரு தடவை ஓப்பன் பண்றேன். இந்த முறை ரெஜிஸ்டர் ஆகலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

யாரும் வரவில்லையாம். நான் வாயைத் திறக்கப் போனேன். ஆமினாம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன் வீடு எங்க இருக்கு தம்பி?” என்று அவரைக் கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எம்ஆர்டி ரயிலில் கிழக்குக் கோடியிலிருந்து மேற்கே ஜூரோங் வரை போனோம். மாமா மடியில் கற்கண்டு டப்பா. கதவைத் திறந்த தனசேகரன் அரைக்கால் சட்டையோடு திகைத்து நின்றார்.

“ஆன்ட்டி, நான்தானே நடத்துறேன். எனக்கு எதுக்கு அழைப்பு?”

“உன்னை யாரு அழைக்க வந்தா? வீட்ல யாரு இருக்கா?”

மனைவி மயூரா வந்தார். பதின்மூன்று வயது மகன் ரித்திக் வந்தான். ஆமினாம்மா இருவரையும் பெயர் கேட்டு, கற்கண்டு கொடுத்து, முறையாக அழைத்தார். மயூரா கணவனைத் திரும்பிப் பார்த்தார்.

“இப்படி ஒரு ப்ரோக்ராம் இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே?”

“ஃபேஸ்புக்ல போட்டேனே.”

“ஃபேஸ்புக்குக்கா கல்யாணம் பண்ணிக் குடுத்தாங்க என்னை? தமிழ்ல பேசவே மாட்டேங்கிறான்னு இவனைப் பத்தி நான் புலம்பாத நாள் இல்ல.” ஆமினாம்மாவிடம் திரும்பினார். “நாங்க ரெண்டு பேரும் வர்றோம் ஆன்ட்டி.”

“ரெஜிஸ்டர் பண்ணிடு மயூரா” என்றார் தனசேகரன்.

“அதான் வர்றேன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேனே.”

அதே பதில் தன் வீட்டிலேயே வந்ததும் தனசேகரன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். நெய்னா மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

தனசேகரன் உள்ளே போய் மடிக்கணினியைக் கொண்டுவந்தார். மனைவி பெயரையும் மகன் பெயரையும் தட்டினார். பிறகு, “சொல்லுங்க ஆன்ட்டி” என்றார்.

ஆமினாம்மா சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து எங்கள் புளோக்கின் மேல்மாடியிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு வீடாக, பெரியவர் பெயர், பிள்ளை பெயர், ஜூலைக்கும் யார் வருகிறேன் என்று சொன்னார்கள், யார் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்கள் என்பது வரை. பார்க்கலாம் என்றவர்களைப் போட வேண்டாம் என்றார். சுஜீந்திரன் வீட்டுக்கு வந்தபோது, “யதீசன் பேரைத் தனியாப் போடு” என்றார். இரண்டாவது மாடிக்கு வருவதற்குள் இடங்கள் நிரம்பிவிட்டன என்று திரை சொன்னது. தனசேகரன் இன்னும் பத்து நாற்காலி சேர்த்துக்கொண்டு தட்டினார்.

இப்போது ஜூலை அட்டவணையில் எங்கள் சனிக்கிழமை இருக்கிறது. ‘தமிழ்க் குடும்பங்களின் வரவேற்பு எதிர்பாராத அளவு’ என்று கீழே ஒரு வரி போட்டிருக்கிறார்கள். எதிர்பாராதது யாருக்கு? அந்தப் பெயர்கள் எல்லாம் ஜூனிலும் ஆமினாம்மாவிடம்தான் இருந்தன. கேட்கத்தான் ஆள் இல்லை.