தங்கை வீட்டில் தொங்கும் வயர்

என்னிடம் ஒரு பழைய ராணுவ ஜீப் இருக்கிறது. ஏலத்தில் எடுத்தது. மரக்காணத்தில் உப்பு அள்ளிப் பிழைக்கிறவனுக்கு ராணுவ ஜீப் எதற்கு என்று கேட்காத ஆள் கிடையாது. உப்பளத்துச் சேற்றில் வேறு எந்த வண்டியும் இப்படி ஏறாது என்று பதில் சொல்வேன். அது பாதி உண்மை. மீதி, அந்த வண்டியின் மேல் எனக்குப் பைத்தியம். பட்டாளத்தில் ஓடியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். புதிதாக ஒரு துளைகூட விழக் கூடாது. ஹாரன் மாட்ட ட்ரில்லைத் தூக்கிக்கொண்டு வந்த மெக்கானிக்கை வாசலோடு விரட்டியிருக்கிறேன்.

அதன் பின்விளக்கு கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். எதிரியின் கண்ணில் படாமல் இருட்டில் போவதற்காகச் செய்த வண்டி அது. வருகிறவர்களைப் பின்பக்கம் அழைத்துப்போய் அதைக் காட்டுவதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. உப்பு ஏற்றிய டிரெய்லரை மாட்டிவிட்டால் அந்த நகமளவு வெளிச்சத்தையும் மூட்டைகள் மறைத்துவிடும்.

தங்கை வீட்டுக்காரர் ஆரோவில்லில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தார். பொழுது விடியும் முன்பே பைக்கில் கிளம்புவார். நானும் அந்த நேரத்தில்தான் முதல் லோடை உப்பளத்திலிருந்து ரோட்டோரக் கிடங்குக்கு இழுத்துப் போவேன். பலமுறை என் பின்னால் வந்திருக்கிறார்.

"மச்சான், டிரெய்லருக்கு ஒரு லைட்டு போட்டுடுங்க. பின்னாடி வர்றவனுக்கு ஒண்ணுமே தெரியல" என்றார் ஒருநாள்.

"ரெண்டு கிலோமீட்டருக்கு எதுக்கு மாப்ளே லைட்டு?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். மறுத்துப் பேசுகிற மனிதர் இல்லை.

மாசிப் பனியில் ஒரு விடியற்காலை அவர் என் டிரெய்லரின் பின்னால் வந்து மோதினார். இடித்த சத்தம்கூட எனக்குப் பெரிதாகக் கேட்கவில்லை. மூட்டை ஏதோ சரிந்துவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டேதான் இறங்கினேன். ரோட்டில் கொட்டிக் கிடந்த உப்பின் மேல் அவர் கிடந்தார். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அப்புறம் ஸ்டேஷன், கோர்ட் எல்லாம் நடந்தது. அங்கே பனி என்று எழுதிக்கொண்டார்கள். பனி இல்லை, நான்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தங்கை என் வண்டிக் கொட்டகைக்கு வந்தாள். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"அண்ணா, இந்த வண்டி லைட்டு இல்லாம இனிமே ரோட்டுல ஏறக் கூடாது. ஏறுச்சின்னா நான் குறுக்க வந்து நிப்பேன்" என்றாள். அழவில்லை. சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அப்போதும் என் கை ட்ரில்லுக்குப் போகவில்லை. வண்டியில் ஒரு கீறல்கூட விழாமல் விளக்கு எப்படி மாட்டலாம் என்றுதான் புத்தி வேலை செய்தது. தேவைப்படும்போது மாட்டி, வேண்டாதபோது கழற்றிவிடலாம் என்று தனியாக ஒரு வயர் செட் செய்தேன். இந்த ஜீப் இருபத்து நான்கு வோல்ட் என்பதால் லாரிக்குப் போடும் பல்புகளைத் தேடி வாங்கினேன். ஒரு சட்டத்தில் இரண்டு சிவப்பு விளக்குகளைப் பொருத்தி டிரெய்லரின் பின்னால் கட்டினேன். அங்கிருந்து ஒற்றை வயரைக் கொண்டுவந்து ஜீப்பின் பின்விளக்கில் கிளிப் போட்டுக் கவ்வவிட்டேன். கரண்டு திரும்பி வருவதற்குத் தனி வயர் போடவில்லை. டிரெய்லரும் இரும்பு, ஜீப்பும் இரும்பு, இரண்டையும் சேர்க்கும் கொக்கியும் இரும்பு. அது வழியாகத் திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டேன். கொட்டகையில் ஜம்மென்று எரிந்தது.

மறுநாள் காலை தங்கையை வரச் சொன்னேன். ஓட்டுகிறவனுக்குத் தன் பின்விளக்கு தெரியாது. யாராவது பின்னால் வந்துதான் பார்க்க வேண்டும். ஸ்கூட்டியில் வந்தாள். நான் லோடோடு ரோட்டில் ஏறினேன். அரை கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன், ஸ்கூட்டி என்னைத் தாண்டிப் போய் ஜீப்புக்கு முன்னால் குறுக்கே நின்றது. பிரேக்கை ஓங்கி மிதித்து நிறுத்தினேன்.

"ஏய், அறிவிருக்கா உனக்கு?" என்று கத்தினேன்.

"எரியல அண்ணா" என்றாள். "ஏறும்போது எரிஞ்சுது. அப்பறம் எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சுது. அப்பறம் ஒண்ணுமே இல்ல. மூட்டைதான் இருந்துது, இருட்டு மாதிரி. அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்."

அங்கேதான் அவள் அழுதாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

கோளாறு என்ன என்பது கொக்கியைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. உப்பளத்தில் இருக்கிறவர்கள் இரும்பைக் கண்டால் கிரீஸ் அப்பாமல் விட மாட்டோம். விட்டால் இரண்டே மாதத்தில் உப்பு தின்றுவிடும். பல் விளக்குகிற மாதிரி, தினம் காலையில் கொக்கிக்கு ஒரு கை கிரீஸ் அப்புவேன். அன்றும் அப்பியிருந்தேன். நிற்கும்போது பாரம் அழுத்தி இரும்பு இரும்பைத் தொட்டது. ஓடும்போது கொக்கி குதித்தது, நடுவில் கிரீஸ் நின்றுகொண்டது, விளக்கு செத்துவிட்டது. உலகத்துக்கே வண்டியைப் பற்றிப் பாடம் எடுக்கிறவனுக்கு இது தெரியவில்லை.

லோடை அங்கேயே ரோட்டை விட்டுக் கீழே இறக்கி நிறுத்திவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பினேன். திரும்பி வருகிற கரண்டுக்குத் தனி வயர் வேண்டும். அதை ஆடாமல் பிடிக்க ஜீப்பின் பின்பக்கம் ஒரு சாக்கெட் வேண்டும். சாக்கெட்டுக்குத் துளை வேண்டும். பக்கத்து வீட்டில் ட்ரில்லை இரவல் வாங்கி வந்தேன். தங்கை பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சைப் பெயின்ட் உதிர்ந்து, இரும்புத் தூள் சுருண்டு விழுந்தது. துளை விழ அரை நிமிடம்தான் ஆனது. மாப்பிள்ளை கேட்டபோது நான் கொடுக்காத அரை நிமிடம்.

அன்று கிடங்கு வரைக்கும் அவள் பின்னாலேயே வந்தாள். ஒருமுறைகூட விளக்கு அணையவில்லை. லோடை இறக்கியதும் வயரை இரண்டு முனையிலும் கழற்றிச் சுருட்டினேன். வெளியில் விட்டால் உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும். வீட்டுக்குள் வைத்தால்தான் உழைக்கும். அவள் கை நீட்டினாள்.

"என்கிட்ட குடு. தெனம் காலைல வந்து வாங்கிக்கோ."

கொடுத்துவிட்டேன். அவர் பைக் சாவி தொங்கிய ஆணியில் இப்போது அந்த வயர் தொங்குகிறது. தினமும் காலையில் நான் வாசலில் போய் நிற்பேன். சாக்கெட்டில் செருகும் முனையில் இருக்கிற ஒவ்வொரு பின்னையும் அவள் துணியால் துடைத்துவிட்டுக் கொடுப்பாள். பேச்சு அதிகம் கிடையாது.

போன மாதம் ஒருநாள் இரும்பை என்ற ஊரில் இருக்கும் கோயிலுக்குப் போனவள் உறவினர் வீட்டில் தங்கிவிட்டாள். காலையில் வீடு பூட்டியிருந்தது, வயர் உள்ளே மாட்டிக்கொண்டது. கிடங்கில் லாரி காத்துக்கொண்டிருந்தது. லாரிக்காரர் பொறுமையிழந்து உப்பளத்துக்கே வந்துவிட்டார்.

"லோடு ரெடியா இருக்குது, வண்டி ரெடியா இருக்குது. ரெண்டு கிலோமீட்டருக்கு எதுக்குங்க லைட்டு?" என்றார்.

முன்பானால் அந்தக் குரலுக்கு நான் ஒரு சண்டையே போட்டிருப்பேன். அன்று கோபம் வரவில்லை. ஜீப்பின் பின்னால் போய் அந்தச் சாக்கெட்டின் மேல் கை வைத்தேன். பிறகு டிரெய்லரைக் கழற்றிவிட்டேன்.

"நாளைக்கு வாங்க" என்றேன். "தங்கச்சி வரட்டும்."