வாப்பாவின் சட்டைப்பையில் இருந்த அட்டை

எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை ஒரு மெயில் வரும். மருத்துவக் காப்பீட்டில் யார் யாரைச் சேர்க்க வேண்டுமோ, பத்து நாளைக்குள் சேர்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு எதையும் மாற்ற முடியாது. நானும் கணவரும் மகளும் தானாகவே வந்துவிடுவோம். அதற்குக் கீழேதான் வம்பு. திரையில் ‘பெற்றோர்’ என்று ஒரு வட்டம், ‘கணவரின் பெற்றோர்’ என்று ஒரு வட்டம். ஒன்றைத் தொட்டால் மற்றது அணைந்துவிடும். இதைச் செய்தவனுக்குக் கல்யாணமே ஆகியிருக்காது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருடம் மெயில் வந்ததைக் கணவரிடம் சொன்னேன். மறுநாள் காலைக்குள் மாமியார், மும்பை ஆண்டாப் ஹில்லில் எங்கள் கட்டிடத்தின் மூன்று மாடிக்கும் அறிவித்துவிட்டார். “எம் மருமவ ஆபீஸ்ல எனக்குக் கார்டு போடுதா!” மாமிக்குச் சுகர், பிரஷர், இரண்டு முட்டியிலும் தேய்மானம். மாமா இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. காப்பீடு யாருக்குத் தேவை என்று கேட்டால் யாராக இருந்தாலும் மாமியைத்தான் கைகாட்டுவார்கள்.

வாப்பாவுக்கு ஒரு வியாதியும் இல்லை. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் நாற்பது வருடமாக வேலை. ஒட்டுகிற சொல்யூஷன் வாசம் துவைத்த சட்டையிலும் இருக்கும். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார். எனக்கு அந்தப் பெருமைதான் பயம். மிதிக்காதவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

கடைசி நாள் மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்துவிட்டு, ‘பெற்றோர்’ வட்டத்தைத் தொட்டேன். வாப்பா பெயர், உம்மா பெயர். சாயங்காலம் உண்மையைச் சொல்லிச் சண்டை போடத் தயாராகத்தான் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததே மாமி. கையில் எனக்காகப் போட்ட டீ.

“எம் பேரு ஏறிடிச்சா புள்ள?”

“ஏறிடிச்சி மாமி.”

அவ்வளவுதான். டீயை வாங்கிக் குடித்தேன்.

அதற்குப் பிறகு நான் பயந்த மாதிரி வாழ்க்கையில் எதற்கும் பயந்ததில்லை. மாமி தும்மினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். மாமி விழுவார், ஆஸ்பத்திரியில் கார்டைக் கேட்பார்கள், கணவர் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார். ரயிலில், குளியலறையில், தொழுகையில்கூட இதே படம்தான் ஓடியது.

அதனால் மாமியை விழவிடக் கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டேன். வாரம் இரண்டு முறை விரலில் குத்திச் சுகர் பார்த்தேன். பிரியாணியில் அவர் பங்கைப் பாதியாக்கினேன். குளியலறையில் வழுக்காத விரிப்புப் போட்டேன். தினமும் விடிந்ததும் மாட்டுங்கா பக்கம் பூங்காவுக்குக் கூட்டிப்போய் நடக்கவைத்தேன். அவர் ஒளித்துவைத்த மாம்பழங்களை மோப்பம் பிடித்து எடுத்தேன். “பெத்த மவகூட இப்பிடிப் பாக்க மாட்டா,” என்று மறுபடியும் மூன்று மாடிக்கும் சொன்னார். கேட்கும்போதெல்லாம் கூசியது. கார்டைக் காட்டச் சொன்னால், அது ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று சமாளிப்பேன்.

வாப்பா, உம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். போனில் அனுப்பிய கார்டை வாப்பா ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவிக்குப் போவேன். வாப்பா வீடு கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை. மேலே போகச் செங்குத்தான இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. வாப்பா அந்தக் கயிற்றைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஒரு கையில் டீ கிளாஸோடு விறுவிறுவென்று ஏறுவார். மழைக்காலத்தில் ஒரு நாள் கயிற்றைப் பிடித்தார். சில வாரம் கழித்து, பாதி ஏணியில் நின்று, எதையோ மறந்தவர் போலக் கீழே இறங்கினார். டிசம்பரில் பார்த்தால் அவர் பாய் கீழே விரித்திருந்தது.

“மேல ஒரே புழுக்கமா இருக்கும்மா,” என்றார்.

டிசம்பரில் என்ன புழுக்கம் என்று கேட்க வாயெடுத்தேன். மாமி மதிய மாத்திரை போட்டாரோ இல்லையோ என்று அப்போது பார்த்துத்தான் ஞாபகம் வந்தது. போனை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனேன். திரும்பி வந்தபோது வாப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். வாயுவாக இருக்கும் என்று அவரே சொன்னார். எதுவாக இருந்தாலும் சரி, இவருக்குத்தான் கார்டு இருக்கிறதே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மார்ச் வந்தது. இன்னும் மூன்று வாரத்தில் அடுத்த மெயில். இந்த முறை மாமியின் பெயரைப் போட்டுவிட்டால் பொய்யும் உண்மையாகிவிடும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அலுவலகத்தில் இருந்தபோது கணவர் போன் செய்தார். அந்த நேரத்தில் அவர் கூப்பிடவே மாட்டார்.

“மாமிக்கு என்ன?” என்று கத்திவிட்டேன்.

“எங்க உம்மாக்கு ஒண்ணுமில்ல,” என்றார்.

ஒரு நொடி எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

“உங்க வாப்பா... பட்டறையில சாஞ்சிட்டாராம். நீ ஒடனே கெளம்பு.”

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் வாப்பா உயிர் போய்விட்டது. கார்டை யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மேல் அறையில் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். உம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து, கைக்குட்டையில் சுற்றிய அந்த அட்டையைக் கையில் திணித்தாள். “வாப்பா பையில இருந்துச்சி. யார் கண்ணுலயும் படாம வச்சிக்கோ.”

அப்போது மாமி வந்தார். முட்டி வலிக்காரர் என்று அவருக்குக் கீழேயே நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் உட்காரவில்லை. கயிற்றைத் தொடாமல், ஒரு இடத்தில்கூட நிற்காமல், அந்த ஏணியில் ஏறி வந்தார். உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

“எனக்குப் போட்ட கார்ட இவளப் பெத்த வாப்பாக்குப் போட்டிருக்கலாம் மைனி. நாந்தான் கேட்டு வாங்கிட்டேன். என்னய மன்னிச்சிருங்க.”

உம்மா என்னைப் பார்த்தாள். அட்டையின் விளிம்பு உள்ளங்கையில் குத்தியது. மாமிக்கு மாத்திரை போடும் நேரம் ஆகியிருந்தது. நான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.