ஜெகதீசன் வீட்டில் மிஞ்சிய பெயிண்ட்

எங்கள் திருவொற்றியூர்க் குப்பத்தில் ஜெகதீசன் வீட்டுக்கு வழி கேட்பவர்களிடம் யாரும் கதவு எண் சொல்வதில்லை. படகு கலரில் இருக்கும் வீடு என்றால் போதும்.

அவருடைய ஃபைபர் படகு நீலம். ஓரத்தில் மஞ்சள் பட்டை. வருடம் ஒருமுறை அதற்கு வண்ணம் பூசும்போது டப்பாவின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். கடலுக்கு வாங்கியதைக் குப்பையில் கொட்ட எங்கள் குப்பத்தில் எவருக்கும் மனம் வராது. ஜெகதீசன் அதை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார். அவர் வீட்டுக் கதவு நீலம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது சரியல்ல. வெளிப்பக்கம்தான் நீலம், உள்பக்கம் அடுத்த வருடத்து மஞ்சள். ஜன்னல் கம்பி, தண்ணீர் டிரம், முக்காலி, அடுப்பு மேடையின் கால்கள் எல்லாம் இந்த இரண்டு நிறத்துக்குள் அடங்கும். டப்பா திறந்திருக்கும் நாளில் அவர் மனைவி கோவிந்தம்மா பகலில் கண் அயர மாட்டார். அசையாமல் கிடந்தால் தன் மேலும் பூசிவிடுவார் என்பார்.

வண்ணாரப்பேட்டையில் கட்டிக்கொடுத்த மகள் பவானிக்கு முதல் பிரசவம். குழந்தை எடை குறைவு. மூச்சில் லேசாக ஒரு விசில். பிறந்த குழந்தையோடு பெண் தாய்வீட்டுக்கு வருவதுதான் முறை. ஆனால் ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்ட பவானி போனில் ஒரு நிபந்தனை போட்டார். கோவிந்தம்மா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார் என்பதால் எதிர்வீட்டில் இருக்கும் எனக்கும் அது சொல்லப்பட்டதாகவே ஆயிற்று. வீட்டில் புகை, தூசி, நெடி எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் மாமியார் வீட்டுக்கே போய்விடுவார்.

ஜெகதீசனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மேற்கே ஆலைப் புகைக்குழாய், ரோட்டில் கண்டெய்னர் லாரி, இதையெல்லாம் விட்டுவிட்டு வீட்டைக் குற்றம் சொல்வதா என்றார்.

"லாரிய நிறுத்த சொல்லி நான் கேக்கல நைனா," என்றது போன். "வூட்டுக்குள்ள நீ வச்சினுகீறத எடு. அது உன் கையிலதான கீது?"

சம்பந்தி வீட்டில் பேரன் வளர்ந்து, தான் வெறும் விருந்தாளியாகப் போய் பிஸ்கெட் கொடுத்துத் திரும்புவதை ஜெகதீசனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மறுநாளே வேலையைத் தொடங்கினார்.

கொசுவத்தி போயிற்று, சாம்பிராணித் தட்டு பரண் ஏறியது. கட்டிலுக்கு மேல் கொசுவலை தொங்கியது. கடலில் வலைக்குத் தப்பினது கட்டிலில் மாட்டுமா என்று கூட்டாளிகள் கேட்டார்கள். செருப்பு வாசலோடு நின்றது. துடைப்பத்தால் பெருக்கினால் தூசி பறக்கும் என்று ஈரத்துணியால் துடைக்கும் வேலையை அவரே ஏற்றுக்கொண்டார். படகுத் தளத்தைக் கழுவுகிற பழக்கத்தில் வாளி வாளியாக ஊற்ற, தண்ணீர் என் வாசல் வரை வந்தது. கரைக்காற்று அடிக்கையில் மேற்கு ஜன்னலைச் சாத்துவார். கடல்காற்று எழுந்ததும் கிழக்கு ஜன்னலைத் திறப்பார். காற்றைப் பார்த்துப் படகு விடுகிறவருக்கு இது மட்டும் சுலபமாக வந்தது.

கஷ்டம் எஞ்சின்தான். படகு எஞ்சினையும் மண்ணெண்ணெய் கேனையும் திருட்டுக்குப் பயந்து வீட்டுக்குள் வைப்பது இங்கே வழக்கம். ஜெகதீசனுடையது கட்டிலுக்கு அடியில் கிடந்தது. "அது விஷமில்லமே, சோறு," என்று மனைவியிடம் வாதாடிப் பார்த்தார். கடைசியில் கரையில் வலை பின்னும் வலைக்கூடத்துத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, பக்கத்தில் தானும் படுத்துக்கொண்டார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் நான் எழுத ஒன்றுமில்லை. எல்லாம் வெளியேறிய பின் வீடு அவருக்கு வெறிச்சென்று தெரிந்தது. பவானி படுத்து வளர்ந்த மரத்தொட்டிலை இறக்கினார். பழசாக இருந்தது. டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

மறுநாள் காலை ஆட்டோ வந்து நின்றது. கோவிந்தம்மா ஆரத்தித் தட்டோடு நின்றார். குழந்தையோடு வாசல்படி வரை வந்த பவானி அங்கேயே நின்று மூக்கைப் பொத்தினார்.

"இன்னா நைனா இது நெடி?"

"தொட்டில பாரும்மா, புதுசு கணக்கா கீது," என்றார் ஜெகதீசன். அவர் முழங்கை வரை நீலம்.

பவானி ஆட்டோ பக்கம் திரும்பினார். ஜெகதீசன் பதறி உப்புத்தாளை எடுத்து, இதோ சுரண்டிவிடுகிறேன் என்று தொட்டிலில் கை வைத்தார். பவானி ஒரு குரல் கொடுத்தார். ஆட்டோக்காரர் வண்டியையே அணைத்துவிட்டார். அடியில் உள்ள பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், சுரண்டினால் அந்தத் தூள் காற்றில் கலந்து குழந்தைக்குள் போகும் என்று நர்ஸ் எச்சரித்திருந்தாராம்.

என் வீடு வெள்ளையடித்தே பல காலம் ஆகிறது. அந்தத் தகுதியில் தாயும் பிள்ளையும் என் வீட்டில் இறங்கினார்கள். தொட்டில் சுரண்டப்படாமல் வலைக்கூடத்துக்குப் போய் மிதவைக் கட்டைகளைச் சுமக்கத் தொடங்கியது. நெடி போகும் வரை ஜெகதீசன் தன் வாசலில் உட்கார்ந்து, சந்துக்கு இந்தப் பக்கம் இருந்த பேரனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தும்மல் கேட்டால் எழுந்து காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். டப்பாவில் கடைசியாகக் கிடந்ததைப் படகுக்கே பூசினார். இரண்டாவது கோட்டிங் கண்ட படகு எங்கள் குப்பத்தில் அது ஒன்றுதான்.

நெடி போன பின் பவானி சந்து தாண்டித் தாய்வீட்டுக்குப் போன அன்று குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு முதலில் தனியாக உள்ளே போனார். கட்டிலுக்கு அடியில் குனிந்தார். பரணை எட்டிப் பார்த்தார். அம்மாவின் பழைய நூல்புடவையில் கட்டிய தூளியை முகர்ந்தார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போதுதான் கடலிலிருந்து திரும்பிய ஜெகதீசன் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தார். பவானி அவர் சட்டையை முகர்ந்தார்.

"எல்லாம் போச்சு நைனா. நீ ஒருத்தன்தான் பாக்கி."

அவர் தெருக்குழாயடியில் உட்கார்ந்து, எஞ்சின் எண்ணெய் போகும் வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தார். கோவிந்தம்மா மாற்றுவேட்டியை எட்ட நின்று நீட்டினார். முழங்கையில் ஒட்டியிருந்த நீலம் மட்டும் கொஞ்சம் போகவில்லை. பவானி அந்த இடத்தில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்.